லாரித் தண்ணீர்

ஜெனிட்டா டீச்சருக்கு முப்பத்தினாலு வயசு. அவரிடம் தக்காளி நாற்று வளர்க்கக் கற்க வந்த வைரக்கண்ணுக்கு ஐம்பத்தெட்டு. கடலோரத்துக்காரர். கிணறு உப்பாகிவிட்டது. இந்தத் தக்காளியும் கருகினால் நிலத்தை இறால் குட்டைக்கு விட்டுவிடுவதாகத் தம்பியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

டீச்சர் மூன்று தட்டு நாற்று கொடுத்தார். நல்ல தண்ணீரில் கொஞ்சம் கிணற்று உப்புத் தண்ணீரைக் கலந்து ஊற்றச் சொன்னார். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்ட வேண்டுமாம்.

இதென்ன கூத்து என்று மனுஷனுக்குத் தலை சுற்றியது. உப்புக்குப் பயந்துதானே இங்கே வந்தோம்?

இருந்தாலும் ஊற்றினார். இலை ஓரம் மஞ்சளானது. மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் குடிக்க லாரியில் வரும் தண்ணீரை எடுத்து, அதை மட்டுமே இரண்டு தட்டுக்கு ஊற்ற ஆரம்பித்தார். மூன்றாவதுக்குப் போதவில்லை, அதற்குப் பழையபடி உப்புத் தண்ணீர்தான். விஷயம் தெரிந்த மனைவி திட்டாத திட்டில்லை.

அந்த இரண்டு தட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. மூன்றாவது, சவலைப் பிள்ளை.

மூன்றையும் வயலில் நட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சினார். ஐந்தாம் நாள் பச்சையெல்லாம் துவண்டு கருகியது. சவலை மட்டும் புது இலை விட்டிருந்தது. தம்பி வந்து பார்த்தான். நிற்பது காய்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்று போய்விட்டான்.

வைரக்கண்ணு கருகிய கன்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு டீச்சரிடம் ஓடினார். செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார்.

டீச்சர் கோபப்படவில்லை. உப்பு ஏறினால் இலைக்குள்ளே ஒருவித நெருப்புப் பிடிக்கும் என்றார். அதை அணைக்கிற சரக்கைச் செடியே தயாரித்துக்கொள்ளுமாம், ஆன்டி ஆக்சிடன்ட் என்று அதற்குப் பெயராம். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பட்ட கன்று அதை முன்னாடியே சேர்த்து வைத்துக்கொள்ளுமாம்.

அவருக்குப் பாதிதான் புரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், நீங்க உப்பு ஊத்தச் சொன்னீங்க. நான் எங்க வீட்டுக் குடிதண்ணியக் குடுத்தேன். பாசமா வளத்ததுதான் செத்துப்போச்சு. இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்?"

டீச்சர் அந்தக் கருகிய கன்றைக் கையில் வாங்கினார்.

"நல்ல தண்ணிதான் குடுத்தீங்க அண்ணே. அது எந்தக் கிணத்துக்கு வாழ்க்கைப்படப் போவுதுன்னு மட்டும் அதுகிட்ட நீங்க சொல்லவேயில்ல."