மல்லிகைக்கு மேல கட்டின வேட்டி

பட்டினி போட்டா செடி பூக்குமான்னா கேக்கே? பூக்கும்ட்டி. உலகம்மா வீட்டு மொட்டை மாடியில பூத்துச்சே! நம்பாட்டாப் போ. ஆனா முழுசாக் கேட்டுட்டுப் போ.

"சாமி, நான் என்ன கொறை வச்சேன்?"

இப்படித்தான் உலகம்மா போயி குடைச்சாமி முன்னால நின்னா.

குடைச்சாமின்னா, ஆத்தங்கரை மடத்துக்கு அப்பத்தான் வந்த சாமியாரு. வயசுல உலகம்மாவ விட ரொம்பச் சின்னவரு. எந்நேரமும் கக்கத்துல ஒரு கறுப்புக் குடை. விரிச்சு ஒருத்தரும் பாத்ததில்ல. வெயில்ல கேட்டா, "இது மழைக்கு"ம்பாரு. மழையில கேட்டா, "வெயிலுக்கு"ம்பாரு. எங்க சித்தப்பாவும் இப்படித்தான், மூக்குக் கண்ணாடிய வாங்கி சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு, பேப்பர அடுத்தவன படிக்கச் சொல்லுவாரு. அத விடு.

"எதுக்கு வச்ச கொறை?"ன்னாரு சாமி.

"மல்லிகைக்கு. அரிசி களைஞ்ச தண்ணி, ஆட்டுப் புழுக்கை, கடலைப் புண்ணாக்கு. காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். எலைதான் கெடந்து தழைக்கு. ஒரு மொட்டு கெடையாது."

"பூ யாருக்கு?"

"மக வடிவுக்கு. முழுகாம இருக்கா, சித்திரையில பூச்சூடல். ஜடை நெறைய என் செடிப் பூதான்னு சொல்லிப்புட்டேன். எங்க மதினி ஆவுடையம்மா பந்தியில வச்சுச் சிரிக்கா. 'மார்க்கெட்டுல சொல்லி வையி உலகு, ஒன் செடி கீரைக்குத்தான் ஆவும்'ங்கா."

இந்த ஆவுடையம்மா உலகம்மா புருசனோட அக்கா. வாயில்லாட்டா அவள காக்கா தூக்கிட்டுப் போயிரும். அவ கல்யாணத்துலயே தாலி கட்டுத நேரத்துல, சாம்பாருல உப்பில்லன்னு எந்திரிச்சவ!

சாமி மாடிக்கு வந்தாரு. தொட்டியப் பாக்கல. மேல பாத்தாரு. நாலு கம்பு நட்டு, அதுல ஒரு வேட்டி கட்டியிருந்துச்சு.

"இது என்ன?"

"பந்தலு சாமி. வெயில் தாங்காதுன்னு போன கோடையில கட்டுனேன்."

"அவுக்கலையா?"

உலகம்மா வேட்டி நுனிய இழுத்து நேராக்குனா.

"யாரு வேட்டி?"

"அவிய வேட்டி."

அவ புருசன் போயி ரெண்டு வருசம். அன்னையிலருந்து அவ தலையில பூ ஏறல. நம்ம பக்கத்து வழக்கம்தான் ஒனக்குத் தெரியுமே.

"வெயில் ஆகாதுன்னு செடி சொல்லிச்சா?"

"நானாத்தான்..."

சாமி முடிச்ச அவுத்தாரு. வேட்டிய உதறி, நாலா மடிச்சு, அவ கையில குடுத்தாரு.

"இத உள்ள கொண்டு வைங்கம்மா."

வச்சிட்டு வந்து பாக்கா, கத்தரிக்கோலால செடிய பாதிக்கு வெட்டிப்புட்டாரு! மிச்ச எலையையும் உருவிக்கிட்டு நிக்காரு.

"ஐயோ, பாவி!" சாமின்னும் பாக்காம கத்திட்டா.

"தண்ணிய நிறுத்துங்க. குருத்து கண்ணுக்குத் தெரியுத வரைக்கும் கொஞ்சமாத் தெளிச்சாப் போதும்."

"செத்துப் போச்சுன்னா?"

"நானே மார்க்கெட்டுல வாங்கித் தாரேன்."

சொல்லிட்டு குடைய இடுக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

மாசி வெயில் காஞ்சுது. செடி வெறுங் குச்சியா நிக்கு. ஆவுடையம்மா மாடிக்கு வத்தல் காயப் போட வந்தா. "வெறகு நல்லாருக்கு உலகு, பூச்சூடல் அன்னைக்கு அடுப்புக்கு ஆச்சு"ன்னுட்டுப் போனா. உலகம்மா குடத்தத் தூக்குவா, செடிகிட்டப் போவா, அழுதுகிட்டே திரும்பக் கொண்டு வந்துருவா. சோறு எறங்கல அவளுக்கு.

பங்குனியில ஒரு நாள் காலையில போயிப் பாக்கா. கணுவுக்குக் கணு குருத்து. குருத்து நுனியெல்லாம் பச்சையா, மொளகு கணக்கா மொட்டு!

அதுக்கப்புறம் பாரு. பூச்சூடல் அன்னைக்கு மத்தியான வெயில்ல பறிக்கா, பறிக்கா, கூடை நெறஞ்சு முந்தானையில கட்டுதா. வடிவு ஜடைய மேலருந்து குஞ்சலம் வரைக்கும் பூ வச்சுத் தைச்சாச்சு. வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் குடுத்தாச்சு. ஆவுடையம்மாவுக்கும்தான், ரெண்டு பங்கு. அவ முகத்த நீ பாத்திருக்கணும்! பொழுது சாய சாய மொட்டு விரிஞ்சு, தெரு முக்குல வந்தவனெல்லாம் நின்னு மோந்து பாக்கான்.

வாழை எலையில ஒரு முழம் பூ மிச்சம் கெடந்துச்சு.

"அத சாமி படத்துக்குப் போடு"ன்னா ஆவுடையம்மா.

உலகம்மா எடுத்தா. மோந்து பாத்தா. கண்ண மூடிக்கிட்டு நின்னா. பொறவு கைய பின்னால கொண்டு போயி, தன் கொண்டையில சொருகிக்கிட்டா.

வந்த பொம்பளைங்க ஒருத்தி முகத்த ஒருத்தி பாத்தாளுக.

வடிவுதான் எட்டிப் பாத்தா. "யம்மா, இன்னுங் கொஞ்சம் மேல ஏத்தி வைங்க. தெரியவே மாட்டேங்கு."

ஆவுடையம்மா செருப்புகூடப் போடாம மடத்துக்கு ஓடுனா. மறுநா உச்சி வெயில்ல. அன்னைக்கே போயிருப்பா, பாயசம் எறக்குனதால நின்னா.

"சாமி, நீரு வந்து வேட்டிய அவுத்தீரு, அங்க என்ன நடந்திருக்கு தெரியுமா?"

"செடி வெயில்லதான நிக்கு?"

"நிக்கு, நிக்கு. நான் சொல்ல வந்தது..."

"பூத்திருக்கா?"

"பூத்துத் தொலைச்சிருக்கு!"

சாமி எந்திரிச்சாரு. கக்கத்துலருந்து குடைய எடுத்தாரு. படக்குன்னு விரிச்சு ஆவுடையம்மா கையில குடுத்தாரு.

"நீங்க நெழல்லயே போங்கம்மா."

ஏட்டி, மாடியில யாரு? பறிச்ச கூடைய இன்னும் வெயில்லயா வச்சிருக்கே? உள்ள கொண்டா, உள்ள கொண்டா. பூக் கட்ட வாழை நாரும் எடுத்துட்டு வா!