கடலைக்கு மண் அணைத்த நாள்

தையற்காரர் ஆதிமூலத்துக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மனம் குழம்பினால் அவர் போய்க் கேட்கும் குரு அருள்மொழி அம்மை அவரைவிட இளையவர். தெருவில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடி மாதம் அவருடைய ஒரே மகள் பவளம் காய்ச்சலில் போய்விட்டாள். சின்னப் பிள்ளை. குழியில் இறக்கியதும் தகப்பன்தான் முதலில் மண் போட வேண்டும். ஆதிமூலம் ஒரு பிடி அள்ளினார். விரல் விரியவில்லை. மூடிய கையோடு அங்கிருந்து ஓடிவிட்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து அம்மையிடம் வந்தார்.

"பெத்த பிள்ளை மேல மண்ணைப் போட எப்படிம்மா கை வரும்?"

அம்மை உள்ளே போய் ஒரு கை விதைக்கடலை கொண்டுவந்தார்.

"வீட்டுல போட்டு வளருங்க."

"நான் கேட்டதுக்கு இதா பதில்?"

"காய்க்கட்டும்."

கொல்லையில் விரிசல் விட்ட சிமென்ட் தொட்டி ஒன்று கிடந்தது. ஆதிமூலம் அதன் எதிரே நின்றுகொண்டே இருந்தார். மண்ணைத் தொட முடியவில்லை. அவர் மனைவி செல்லத்தாய் வந்து மண்ணை வாரித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனாள். மகள் போனதிலிருந்து அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

விதை முளைத்தது. செடி படர்ந்து மஞ்சளாகப் பூத்தது. பவளத்தின் காதுத்தோடு அளவே இருந்தன பூக்கள். தைக்க வந்த துணிகளைக் கிடப்பில் போட்டுவிட்டு ஆதிமூலம் தொட்டியடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் அம்மை வந்தார். செடியை விலக்கிப் பார்த்தார். பூ உதிர்ந்த இடங்களிலிருந்து ஊசி போல விழுதுகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் மண்ணை அள்ளித் தூரில் அணைத்தார். அடியில் இருந்த பூக்கள் மண்ணுக்குள் போயின.

கடலை மண்ணுக்குள்தான் காய்க்கும் என்று ஆதிமூலத்துக்குத் தெரியாதா? இருந்தும் பாய்ந்து அம்மையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குருவின் கையைத் தடுத்துவிட்டோம் என்று உறைத்தது. ஆனாலும் பிடியை விட முடியவில்லை.

"மூடாதீங்கம்மா. உயிரோட இருக்கு."

"மூடாட்டி காய்க்காது."

அவராக விடும்வரை அம்மை காத்திருந்தார். பிறகு மிச்ச மண்ணையும் அணைத்தார்.

இலை பழுத்த பிறகு ஒரு காலையில் அம்மை மறுபடி வந்தார்.

"பிடுங்குங்க."

ஆதிமூலம் தூரைப் பிடித்து இழுத்தார். கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. செல்லத்தாயும் வந்து நின்றாள். ஆதிமூலம் செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"புரிஞ்சுதும்மா. பவளமும் ஏதாவது ஒரு ரூபத்துல திரும்பி வருவா. அதைத்தானே சொல்றீங்க?"

"வரமாட்டா. இது கடலைச் செடி."

யாரோ அறைந்தது போல இருந்தது அவருக்கு.

"அப்ப இதை எதுக்கு வளக்கச் சொன்னீங்க?"

"உங்க வீட்டுல இருக்கிறதை நீங்க பாக்கணும்னுதான். இந்தத் தொட்டியை நிரப்பினது யாரு?"

"இவதான்."

"அன்னிக்கு நீங்க போட வேண்டிய மண்ணைப் போட்டது யாரு?"

"என் தம்பி போட்டிருப்பான்."

அம்மை செல்லத்தாயைப் பார்த்தார். செல்லத்தாய் குனிந்து, உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் விரல்கள் மண்ணில் பழகியவை போல அசைந்தன. ஆதிமூலம் அவற்றையே பார்த்தார். பெண்கள் இடுகாட்டுக்குப் போகாத ஊர் அது.

"நீயா?"

"உங்க தம்பி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. பிள்ளை குழியில தனியாக் கிடக்கு, பெத்த கைதான் முதல் மண் போடணும்னாரு. போனேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

ஆதிமூலம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். செடி கையிலிருந்து நழுவியது. எப்படிக் கை வரும் என்று வீட்டில் கேட்காமல் அம்மையிடம் போய்க் கேட்டவர் அவர்.

அம்மையை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

அம்மை வாசல் பக்கம் திரும்பினார்.

"இனிமே எங்கிட்ட கேக்காதீங்க. அவங்ககிட்ட கேளுங்க."