செம்மறி கொடுத்த பெயர்

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்தது. அவற்றுள் வாயாடி என்று பெயர் எடுத்தது செம்மறி. நம்பித்தான் ஆக வேண்டும். இன்று தலைகுனிந்து மந்தையாகப் போகிறதே, அதே செம்மறிதான்.

ஒரு மலையடிவாரப் பட்டியில் சுட்டி என்ற தாய்ச் செம்மறி இருந்தது. அது யாரையும் நம்பாது. புல்லைப் போட்டால்கூட, போட்டவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூத்த குட்டியைச் சிங்கம் தின்றது. இரண்டாவதை அரசன் விருந்துக்குக் கேட்டான். அதைக் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தவன் சொந்த மேய்ப்பன் அசரியா. மிச்சம் ஒரே ஒரு குட்டி, இன்னும் பால் மறக்காதது. அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. பாவம் செய்தவன் ஒரு செம்மறிக்குட்டியின் தலையில் கை வைத்து, செய்ததைச் சொல்லி, பலிக்கல்லில் அதை வெட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அசரியா ஆத்திரத்தில் தன் தம்பியின் கையை ஒடித்திருந்தான். மறுநாள் காலை பலி.

பலிக்கு முந்தின நாள்தான் ஆண்டவர் மனித உருவில் அந்த மலைக்கு வந்தார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குத் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்தார்கள்.

"சிங்கம் என்று வைத்துக்கொள்ளும். எல்லாரும் நடுங்குவார்கள்" என்றது சிங்கம்.

அரசன் ஆள் அனுப்பி, அரசர்க்கரசர் என்று சொல்லச் சொன்னான். அசரியா கைகட்டி நின்று, "மேய்ப்பன்னு வெச்சுக்கங்க சாமி, நல்ல பேருதான்" என்றான்.

எல்லாவற்றையும் அவர் வாங்கிக்கொண்டார். சுட்டி குட்டியை மறைத்துக்கொண்டு நின்றது. பிள்ளையைத் தின்றவன் பெயர், கேட்டவன் பெயர், பிடித்துக் கொடுத்தவன் பெயர், மூன்றையும் ஒருவரே வைத்திருக்கிறாரே!

"நீ ஒன்றும் தரவில்லையே?" என்று ஆண்டவர் அதைக் கேட்டார்.

"ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியும்" என்றது சுட்டி. "உம்மை நான் நம்பவில்லை. நம்ப வேண்டுமானால் என் குட்டியின் பெயரை எடுத்துக்கொள்ளும். செம்மறி. எடுப்பீரா?"

சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆண்டவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பெயருக்கு நாளைக் காலை என்ன நடக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறாயா?"

"தெரிந்துதான்."

"எடுத்துக்கொண்டேன்" என்றார்.

சுட்டி அதையும் நம்பவில்லை. பட்டம் கட்டிக்கொள்ள யாருக்குக் கசக்கும்? கத்தி வரும்போது எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிகிறார் பார்ப்போம் என்று முணுமுணுத்தது.

விடிந்ததும் அசரியா குட்டியை இழுத்துப் போனான். சுட்டி திட்டிக்கொண்டே பின்னால் ஓடியது. பலிக்கல்லின் முன் ஆண்டவர் மண்டியிட்டிருந்தார்.

"குட்டியை விடு. என் தலையில் கை வை" என்றார்.

அசரியா கயிற்றை விட்டான். "தப்பு பண்ணது நானு. நீங்க எதுக்கு சாமி?"

"அந்தப் பெயர் இப்போது என்னுடையது."

அசரியா கை வைத்தான். தம்பிக்குச் செய்ததைச் சொல்லி அழுதான். கத்தி அவன் கையிலிருந்து நழுவியது. பக்கத்தில் நின்ற அரசனின் ஆள் அதை எடுத்து, "வழக்கம்னா வழக்கம்தான்" என்று ஓங்கினான். ஆண்டவரிடம் சிங்கத்தின் பெயர் இருந்தது, கர்ஜிக்கவில்லை. அரசனின் பெயர் இருந்தது, நிறுத்து என்று சொல்லவில்லை. வாயே திறக்காமல் வெட்டுப்பட்டார்.

குட்டி ஓடிவந்து தாயின் மடியை முட்டியது. சுட்டி என்னவோ சொல்லப் பார்த்தது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டது, பிறகு பேசத் திறக்கவே இல்லை. நான் கேட்டுத்தானே இது நடந்தது என்று அதற்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் உயிரோடு எழுந்து வந்தார். இனி எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அசரியா கேட்டான். "சுட்டி கொடுத்ததைச் சொல்" என்றார். இன்றும் கிறிஸ்தவக் கோயில் பூசையில் குரு அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் அவரை அரசரே என்றோ சிங்கமே என்றோ அழைக்காமல், செம்மறியே என்று அழைப்பது அதனால்தான்.

வெள்ளாடு கத்தியைக் கண்டால் ஊரையே கூட்டிவிடும். செம்மறி கூட்டாது. அதை மந்தம் என்கிறோம். அது மந்தமில்லை. அன்று முதல்தான், வெட்ட வருகிறவன் முன்னால் அவர் எப்படி இருந்தாரோ அப்படியே அதுவும் வாய் திறக்காமல் இருக்கிறது.