கோத்தகிரிக் குளிரில் சூடான கம்ப்யூட்டர்

ஜனவரி எட்டாம் தேதி காலை ஆறு மணிக்குத் தனசேகர் எழுந்து வந்து பார்த்தபோது, அவர் பாகங்களை வாங்கித் தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் நான்காவது முறையாக அணைந்து கிடந்தது. ராத்திரி முழுக்கத் தானாக ஓடி முடிய வேண்டிய கல்யாண வீடியோ பாதியில் நின்றிருந்தது.

கோத்தகிரியில் அந்த மாதம் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்தக் குளிரில் ஒரு இயந்திரம் சூடு தாங்காமல் அணைகிறது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் மறுபடி போட்டதும் திரையில் அப்படித்தான் எழுதி வந்தது.

தனசேகருக்கு ஐம்பது வயது. தேயிலை ஃபேக்டரி மூடிய பிறகு வீடியோ எடிட்டிங்கில் இறங்கியவர். இந்தக் கல்யாண வீடியோதான் முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை கொடுக்காவிட்டால் திருப்பூரில் மச்சானின் பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவருக்குத் திருப்பூரைப் பிடிக்காது. மச்சானை அதைவிடப் பிடிக்காது.

கம்ப்யூட்டர் பூட்டக் கற்றுக்கொடுத்தவர் நஸ்ரின். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தனசேகரைவிடப் பதினெட்டு வயது இளையவர். தனசேகர் முதலில் கிண்டலுக்குத்தான் “டீச்சர்” என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

கடை திறந்ததும் தனசேகர் போய் நின்றார். “டீச்சர், மறுபடியும் போச்சு.”

“என்ன மாத்துனீங்க?”

“ஃபேனை மாத்துனேன். சிப் மேல சூடு கடத்தத் தடவுற பேஸ்டைத் துடைச்சுட்டுப் புதுசா வெச்சேன். ராத்திரி கரண்ட் ஏறி இறங்குதோன்னு ஸ்டெபிலைசரும் வாங்கிட்டேன்.”

“மாத்தறதுக்கு முந்தி என்ன பாத்தீங்க?”

தனசேகர் ஸ்டெபிலைசர் பில்லை எடுத்து நீட்டினார்.

“இங்க கொண்டு வந்தப்ப நாள் முழுக்க ஓடுச்சு. உங்க வீட்டுல ராத்திரி மட்டும்தானே நிக்குது? நாளைக்குக் காலைல வரேன். அதுவரைக்கும் ஸ்குரூ டிரைவரைத் தொடாதீங்க. எப்பவும் போல வேலையைப் போட்டுட்டுத் தூங்குங்க.”

“மறுபடி அணைஞ்சா?”

“அணையட்டும். நல்லா ஓடுற மெஷினை வந்து நான் என்னத்தைப் பாக்க?”

மறுநாள் நஸ்ரின் வெறுங்கையோடு வந்தார். கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடந்தது. அவர் அதன் பக்கமே போகவில்லை. தனசேகரின் மனைவி கோமதி இட்லித் தட்டை வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது இட்லியைப் பிட்டபோது கேட்டார்:

“அக்கா, எங்க வீட்டுல மாவு அரைச்சு ரெண்டு நாளா அப்படியே கெடக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிப் புளிக்குது?”

தனசேகர் பல்லைக் கடித்தார். ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்கிறது. டீச்சர் மாவு விசாரிக்கிறார்.

கோமதியின் முகம் மலர்ந்தது. “அதுவா? இவரு தூங்குனதும் மாவுப் பாத்திரத்தை இவரு பொட்டி மேல வெச்சு, கம்பளியைப் போட்டு மூடிருவேன். அம்புட்டு கதகதப்பு! இவரு எழுந்திரிக்கிறதுக்குள்ள பொங்கி நிக்கும், எடுத்துட்டுப் போயிருவேன்.”

தனசேகர் எழுந்து போய்ப் பெட்டியின் மேல்பக்கத்து வலையைப் பார்த்தார். உள்ளே இருக்கும் சூடு அது வழியாகத்தான் ஏறி வெளியே போக வேண்டும். ஓரத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு காய்ந்திருந்தது. தான் பூசிய பேஸ்ட் சிந்தியிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். சுரண்டி முகர்ந்தார். புளிப்பு.

“ஏண்டி, சொல்லக் கூடாதா?”

“நீங்க கேட்டீங்களா? சூடு சும்மாதான போகுதுன்னு வெச்சேன்.” கோமதியின் குரல் இறங்கியது. “என்னாலயா நின்னுது? திருப்பூருக்குப் போயிரணுமா?”

“இனிமே இந்த ரூமுக்குள்ள மாவுப் பாத்திரம் வரவே கூடாது!”

நஸ்ரின் கை கழுவிவிட்டு வந்தார். பெட்டியைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தார். பின்பக்கத்து ஃபேனுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி ஸ்டூலைப் போட்டார். கோமதியிடம் மாவுப் பாத்திரத்தை வாங்கி அதன் மேல் வைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தார்.

“என்ன டீச்சர், திரும்பவும் கொண்டு வந்து வெக்கிறீங்க?”

“அது வெளிய விட்ட சூடு உங்களுக்கு எதுக்குண்ணா?”

தனசேகர் ஸ்டூல் ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ முழுதாக முடிந்திருந்தது. கல்யாண வீட்டார் வந்து வாங்கிப் போனார்கள்.

“சும்மா போற சூட்டைக் கவனிச்ச ஆளு எனக்கு வேணும்” என்று நஸ்ரினே கூப்பிட, மார்ச் இரண்டாம் தேதி அவர் கடையில் வேலை கற்றுக்கொள்ளக் கோமதி சேர்ந்தார்.