ரெக்கை வைத்த தொப்பி

சீன தேசத்தில் ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தாராம். அவருக்குக் கண் நல்லது, மனசு நல்லது, காதுதான் கொஞ்சம் இளகியது. யார் வந்து கிசுகிசுத்தாலும் நம்பிவிடுவார்.

அதைத் தெரிந்துகொண்டவன் முதல் மந்திரி லூ மாங். சபையில் மெதுவாக நகர்ந்து போய் ராஜா காதில், "களஞ்சியக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்" என்பான். களஞ்சியக்காரர் போனார், பாலைவனத்துக்கு. அப்புறம் சேனாதிபதி போனார், அப்புறம் வாத்தியார் போனார். என்ன குற்றம் என்று போகிறவருக்கே தெரியாது. அவர் வீட்டில் அடுப்பு அணையும். அவர் இடத்தில் லூ மாங்கின் மச்சினன் வந்து உட்காருவான்.

ஆனால் பாரு, ரெண்டு பேர் தலை சேர்ந்தால் லூ மாங்குக்குச் சோறு இறங்காது. ஒருநாள் ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, சபையில ஒரே குசுகுசுப்பு. எல்லார் தொப்பியிலயும் ரெண்டு பக்கமும் கைநீளத்துக்கு மூங்கில் ரெக்கை வெச்சுடலாம். ஒருத்தர் வாய் இன்னொருத்தர் காதுகிட்டப் போகவே முடியாது."

"பேஷ்! எனக்கும் ஒண்ணு வை. சபையில தொப்பியைக் கழட்டினா தலை போகும்!"

மறுநாள் எல்லாரும் வெயிலில் சிறகு காயவைக்கும் நீர்க்காகம் மாதிரி நின்றார்கள். லூ மாங் அன்றைக்கு ஆற்றங்கரை காக்கும் ஷென்னைத் தொலைக்க வந்திருந்தான். ஷென் போனால் அந்த வேலை மருமகனுக்கு.

வலப்பக்கம் குனிந்தான், ரெக்கை ராஜா மூக்கில் குத்தியது. இடப்பக்கம் குனிந்தான்; தேநீர்க் கிண்ணம் ராஜா மடியில். பின்பக்கம் போனான், அவன் ரெக்கையும் ராஜா ரெக்கையும் மாட்டிக்கொண்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினார்கள். நீ சிரிக்கிறாய், அங்கே எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்களாம்.

"என்னய்யா வேணும் உனக்கு? தள்ளி நின்னு சொல்லித் தொலை!"

"காதோட சொல்லணும், மகாராஜா..."

"அதுக்குத்தானே நீயே வேலி போட்டே? சத்தமாச் சொல்லு!"

வேறு வழியில்லை. "போன பௌர்ணமிக்கு ஷென் உங்க சிம்மாசனத்துல உட்கார்ந்து பார்த்தான்!" என்று கத்தினான்.

தன்மேல் என்ன பழி என்று கேட்கும் பாக்கியம் முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கிடைத்தது. ஷென் சொன்னார்: "நானா? அன்னிக்கு வெள்ளம், மகாராஜா. பொழுதுக்கும் இடுப்பளவு தண்ணியில கரைக்கு மண் போட்டுக்கிட்டிருந்தேன். நீங்களே குதிரையில வந்து பார்த்தீங்களே?"

ராஜா முகம் வாடிவிட்டது. "ஆமா, பார்த்தேன். லூ மாங், சேனாதிபதியைப் பத்திச் சொன்னியே, அதையும் சத்தமாச் சொல்லு." வாய் வரவில்லை. "வாத்தியாரைப் பத்தி?" வரவில்லை. "களஞ்சியக்காரரை?" லூ மாங் தரையைப் பார்த்தான்.

பாலைவனத்திலிருந்து மூன்று பேரையும் கூட்டிவந்தார்கள். வாத்தியாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ராஜா எழுந்து நின்று கும்பிட்டார். அதற்குமேல் அவரால் என்ன செய்யமுடியும்?

லூ மாங்கைக் கொல்லவில்லை. கோட்டை மதில்மேல் ஏற்றி, ஆயுசு முழுக்க, பொழுது விடிந்ததையும் மழை வருவதையும் ஊருக்கே கேட்கும்படி கூவச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில் கிசுகிசுத்தானாம். கீழே போன கீரைக்காரி நின்று, "என்னய்யா முனகுறே? வயித்துவலியா? உரக்கக் கூவு!" என்றாளாம்.

அவன் அங்கே கூவட்டும். நீ இங்கே போர்வையை இழுத்துக்கொள்.