எழுந்து நின்ற பன்றி

முப்பது வருடம் மனிதர்களுக்குச் சிறுநீரகம் மாற்றிவைத்தவர் டாக்டர் தணிகாசலம். ஆராய்ச்சிக்காகப் பன்றிகளிடம் வந்தபோது, இவற்றைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் வாரத்திலேயே ஒப்புக்கொண்டார். கொட்டிலில் தீனி வைத்து, கழிவு அள்ளி, தையல் காயம் துடைக்கும் பிலோமினாவிடம் பாடம் கேட்க ஆரம்பித்தார். 'வாத்தியாரம்மா' என்றே கூப்பிடுவார். கேலி பாதி, நிஜம் பாதி.

"ஆபரேஷன் முடிஞ்ச பன்றிக்குக் குளிருமா?" என்று ஒருநாள் கேட்டார். மயக்கத்தில் கிடந்த பன்றியின் காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பிலோமினா. காது ஐஸாக இருந்தது. மறுநாளே கம்பளி வந்தது.

ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வைத்த இரண்டு பன்றிகள் மூன்றாம் நாளே செத்துப்போயின. மூன்றாவதும் போனால் ஆராய்ச்சியை மூடிவிடச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்த மூன்றாவது பன்றி இரண்டு நாளாக வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

"சிறுநீர் நல்லா போகுது. காய்ச்சல் இல்லை. ஏன் சாப்பிட மாட்டேங்குது வாத்தியாரம்மா?"

"வலிக்குது சார்."

"வலியா? நான் உள்ளே போனதும் நிமிர்ந்து நிக்குதே! இதோ எழுதியிருக்கேன் பாருங்க. 'எழுந்து நின்றது. வலி இல்லை.' அதனாலதான் நேத்தே வலி ஊசியை நிறுத்தினேன். அந்த மருந்துதான் குடலை மந்தமாக்கிப் பசியைக் கெடுக்குது."

"முதல் ரெண்டும் எழுந்து நின்னுச்சா?"

"நின்னுச்சே. செத்த அன்னிக்குக் காலையில்கூட."

பிலோமினா அவர் காலைப் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டுங்க."

"ஏன், கோயிலுக்கா போறோம்?"

"சத்தம் போடாம வாங்க சார்."

தீவன அறைச் சுவரில், தண்ணீர்க் குழாய் நுழைகிற இடத்தில் ஒரு ஓட்டை. குனிந்தால் கொட்டில் தெரியும். டாக்டர் குனிந்தார்.

பன்றி சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு கிடந்தது. வால் சுருளாமல் தொங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் தையல் போட்ட பக்கம் நடுங்கியது. எதிரே வாழைப்பழம் கறுத்துக் கிடந்தது.

பத்து நிமிடம் பார்த்தார். தவிட்டுத் தூசி தொண்டையில் ஏறியது. செருமினார்.

பன்றியின் காது விறைத்தது. முன்னங்காலை ஊன்றியது, வழுக்கியது. மறுபடி ஊன்றியது. ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து, கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

டாக்டர் வெறுங்காலோடு மருந்து அறைக்கு ஓடினார்.

ஊசியைப் பிலோமினாதான் போட்டார். சாயங்காலம் பன்றி பாதிப் பழம் தின்றது. மறுநாள் தொட்டியை நக்கியது. நான்காம் நாளும் உயிரோடு இருந்தது.

அன்றைக்கு டாக்டர் கொட்டிலுக்கு வந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலை வாத்தியாரம்மா. அத்தனை வலியோட, என் குரல் கேட்டதும் அது எதுக்கு எழுந்து நிக்கணும்?"

பிலோமினா தீனி வாளியைக் கீழே வைத்தார்.

"எனக்கு எட்டு மாசமா இடுப்பு வலி சார். உட்கார்ந்தா, எழுந்திரிக்கிறதுக்குள்ள உயிரே போகுது."

"அடடா. ஒருநாளும் எனக்குத் தெரியலையே?"

"நீங்க வரும்போதெல்லாம் எழுந்து நிக்கிறேனே சார்."