கம்பளிக்காரி கொண்டுவந்த குளிர்

வேங்கைமலைச் சரிவில் ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்ட மலைக்கொழுந்து ராயர் பசி பொறுப்பார், பகை பொறுப்பார். வெற்றிலை இல்லாமல் மட்டும் அவரால் இருக்க முடியாது. வாயில் வெற்றிலை இருந்தால் தங்கமான மனிதர். இல்லாவிட்டால் அரண்மனைப் பூனைகூட அவர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகும்.

ஒரு மார்கழியில் அந்த ஊர் கண்டிராத குளிர் வந்தது. விடிந்து பார்த்தால் கோட்டைக்குள் இருந்த வெற்றிலைத் தோட்டம் முழுக்க உப்பைத் தூவினாற்போல் உறைபனி. வெயில் ஏறியதும் கொடிகள் கறுத்துத் தொங்கின. ஓரத்தில் சில கொடிகள்தான் பிழைத்தன, அவற்றின் இலை பறிக்கும் பருவத்துக்கு வர இரண்டு மூன்று நாளாகும்.

"இந்தக் குளிரைக் கொண்டுவந்தது யார்?" என்று ராயர் சபையில் கேட்டார்.

கேள்வியே கோணல்தான். ஆனால் வெற்றிலை போடாத ராஜாவிடம் அதை யார் சொல்வது? தளவாய் அனந்தப்பர் எழுந்தார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. அது சரியான பதிலா என்ற கவலைதான் அவருக்குக் கிடையாது.

"மகாராஜா, காத்தாயி என்று ஒரு கம்பளிக்காரி வடக்கேயிருந்து வந்திருக்கிறாள். அவள் மூட்டையை இறக்கினாள், மறுநாளே பனி விழுந்தது. குளிர் வந்தால் யாருக்கு லாபம்? கம்பளி விற்பவளுக்குத்தானே?"

காத்தாயியை இழுத்து வந்தார்கள். "சாமி, இங்கே குளிருதுன்னு கேள்விப்பட்டுத்தான் நான் வந்தேன். என்னைப் பார்த்துட்டு குளிர் வரலை" என்றாள் அவள்.

ராயர் காதில் அது ஏறவில்லை. கம்பளி மூட்டையைப் பறித்துக்கொண்டு அவளைக் கணவாய் வழியாக நாட்டைவிட்டு அனுப்பச் சொன்னார். உடம்பில் கம்பளி இல்லாமல் அந்தக் கணவாயைத் தாண்டினால் அவள் உயிரோடு போய்ச்சேர மாட்டாள். சபையில் எல்லோருக்கும் அது தெரியும்.

அப்போதுதான் பிச்சாண்டி எழுந்தான். வேடிக்கை பேசுவதற்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்குகிறவன்.

"மகாராஜா, இவள் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. கூட்டாளிகளையும் பிடிக்க வேண்டாமா?"

"யார் அவர்கள்?"

"முதலில் சூரியன். கடலுக்கு அப்பால் ஒரு தீவில் மலை வெடித்து நெருப்பைக் கக்கியதாம், கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். அதன் புகையும் தூசியும் இன்னும் வானத்தில் நிற்கின்றன. சாயங்காலம் வானம் அப்படிச் சிவக்கிறதே, அதனால்தான். சூரியன் முக்காடு போட்டுக்கொண்டு அரைவேலை பார்க்கிறார். அடுத்தது வாடைக்காற்று. வடக்கே நிற்கவேண்டியது, இந்த வருஷம் நம் வீடுவரை விருந்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது மேகம். மழை பொய்த்துப்போனதால் வானத்தில் போர்வையே இல்லை. பகலில் மண் சேர்த்த சூடெல்லாம் ராத்திரியில் மேலே போய்விடுகிறது."

"இவர்களையெல்லாம் நான் எப்படிப் பிடிப்பது?"

"முடியாதுதான். ஆனால் இன்னொரு கூட்டாளி இந்த ஊரிலேயே இருக்கிறார். வந்த குளிருக்கு இடம் கொடுத்துத் தங்கவைத்திருக்கிறார். இரண்டு நாள் கொடுங்கள். குளிரையே கோட்டையைவிட்டு வெளியேற்றிக் காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?" என்றார் தளவாய்.

"காத்தாயியோடு நானும் கணவாய் ஏறுகிறேன். கம்பளி இல்லாமல்."

ராயர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் மாலை பிச்சாண்டி வெற்றிலைத் தோட்டத்தில் ஒரு தட்டுத் தண்ணீர் வைத்தான், மதிலுக்கு வெளியே ஒன்று வைத்தான். காலையில் ராயர் வந்து பார்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருந்தது. வெளியே இருந்தது தண்ணீராகவே இருந்தது.

மறுநாள் மாலை பிச்சாண்டி ஒரே ஒரு வேலைதான் செய்தான். கோட்டையின் கீழ்வாசலைத் திறந்து வைத்தான். காலையில் ராயர் தோட்டத்துத் தட்டில் விரலை விட்டார். விரல் நனைந்தது.

"நேற்று குளிர் குறைவு, அவ்வளவுதான்" என்றார் தளவாய்.

"அப்படியா? உங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு தட்டு வைத்திருந்தேன்" என்று பிச்சாண்டி அதை நீட்டினான். அதில் பனிக்கட்டி. "உங்கள் வீட்டு வாசல் சாத்தியிருந்தது."

ராயர் அவனைப் பார்த்தார். "விளங்கும்படி சொல்."

"குளிர்ந்த காற்று கனமானது, மகாராஜா. தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கி ஓடும். முன்பெல்லாம் மலையிலிருந்து இறங்கித் தோட்டத்தைத் தாண்டிப் போய்விடும். போன வருஷம் ஆடு மேயக்கூடாது என்று கீழே பெரிய மதில் எழுப்பி, பொழுது சாய்ந்ததும் வாசலை அடைத்தோம். ஆடு உள்ளே வரவில்லை. குளிர் வெளியே போகவில்லை."

"மதில் எழுப்பச் சொன்ன யோசனை யாருடையது?"

தோட்டத்துக்குக் கூட வந்திருந்த சபையே தளவாயைத் திரும்பிப் பார்த்தது. அவர் காத்தாயியிடம் பறித்த கம்பளிகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு நின்றார்.

ராயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதலில் அதைக் கழற்றும்" என்றார். மூட்டை முழுவதும் காத்தாயியிடம் திரும்பிப் போனது. இனி கீழ்வாசல் ராத்திரியிலும் திறந்திருக்கும் என்று உத்தரவானது.

"ஆடு வந்தால்?" என்றார் தளவாய், நடுங்கிக்கொண்டே.

"விரட்டத்தான் நீர் அங்கே நிற்பீரே."

பிழைத்த கொடியிலிருந்து பறித்த வெற்றிலையை ராயர் வாயில் அடக்கிக்கொண்டார். உடனே தங்கமான மனிதராகிவிட்டார். "பிச்சாண்டி, என்ன வேண்டும் கேள்."

"என் மைத்துனன் விசிறி விற்கிறவன், மகாராஜா. சித்திரையில் இந்த ஊருக்கு வருவான். வெயிலை அவன் கொண்டுவரவில்லை என்று இப்போதே ஒரு ஓலை எழுதிக் கொடுத்துவிடுங்கள்."